மாப்பிள்ளைக்கு ஒரு பெல்பாட்டம்

அந்த ஐப்பசியில் என் அக்கா புருஷனுக்கு நான் பேண்ட் தைத்தேன். அதுவரை தைத்ததெல்லாம் பாவாடையும் ஜாக்கெட்டும்தான். பேண்ட் தைக்கிற பெண்ணை எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாரும் பார்த்ததில்லை.

அக்கா ஆடிக்கு வந்தவள். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணை அழைத்து வருவதும், ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆவணி போனது, புரட்டாசியும் போனது, கடலூரிலிருந்து யாரும் வரவில்லை. அக்கா காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸில் விசாரித்தால், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களே வைத்திருப்பதாக அம்மா சொல்லிவிடுவாள்.

தலைதீபாவளிக்கு அழைத்து அப்பா கடிதம் போட்டார். வருகிறேன் என்று ஒரே வரியில் பதில் வந்தது. வந்தால் அக்காவைக் கையோடு கூட்டிப்போவார், அவர் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் வீட்டில் பேச்சு. மாப்பிள்ளை பெல்பாட்டம் போடுகிறவர். அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது காப்பிக்கொட்டை நிறத்தில் டெரிகாட்டன் துணி வாங்கி வந்தார். டெய்லரிடம் கொடுத்தால் மாப்பிள்ளையை அளவுக்கு வரச் சொல்லுவார். அவர் ஏன் வரவில்லை என்பது மறுநாளே பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் வேலை என் தலையில் விழுந்தது.

அப்பாவின் பழைய பேண்ட் ஒன்றின் தையலைப் பிரித்து, எந்தத் துண்டு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அளவு? அக்காவைத்தான் கேட்டேன். ஐந்து மாதம் அவர் துணியைத் துவைத்தவள். பின்பக்கத் தோட்டத்தில் கொடிக்கு அடியில் போய் நின்றாள்.

"அங்க அவுங்க வீட்டுல கொடி என் நெத்தி உயரம். இடுப்புல கிளிப்பு போட்டா பாட்டம் முட்டிக்குக் கொஞ்சம் கீழ வரும். அளந்துக்கோ" என்றாள்.

நெற்றியிலிருந்து முட்டிக்குக் கீழே வரை டேப்பைப் பிடித்தேன். நாற்பத்தொன்று. நாலாக மடித்தால் இடுப்பு தன் கைக்கு ஒரு சாண் என்றாள். பாட்டத்துக்கு இரண்டு சாணை விரித்துக் காட்டி, மடித்துப் போட்டால் அகலம் அவ்வளவு என்றாள். இப்படிக் கால் விட்டால் அவர் நடக்கிற தெருவை யாரும் பெருக்க வேண்டாம் என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. மளிகைச் சாமான் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

நியூஸ்பேப்பரில் வெட்டிப் பார்த்து, பிறகு துணியை வெட்டினேன். நாலு நாள் ஆயிற்று. முட்டியில் பிடித்து, கீழே விரிந்து, நிஜமாகவே நன்றாக வந்தது. எனக்குக் கர்வம்தான். கடைசியில் பெல்ட் நுழைக்கிற லூப் மட்டும் பாக்கி. பெல்ட் எவ்வளவு அகலம் என்று கேட்டேன்.

அக்கா ஜாக்கெட் கையை மேலே சுருட்டினாள். தோளுக்குக் கீழே இரண்டு வெளிறிய கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக.

"இதுக்கு நடுவுல எவ்ளோ இருக்குதோ அவ்ளோ" என்றாள்.

நான் டேப்பை வைத்தேன். ஒன்றே முக்கால். பேப்பர் ஓரத்தில் இரண்டு என்று எழுதிக்கொண்டேன். லூப் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கால் பாட்டுக்கு மெஷினை மிதித்தது, ஏழு லூப்பும் முடிந்தது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும். மொதல்ல வந்து கூட்டிகினு போவட்டும்" என்றாள்.

அவர் வந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் தடவிய புதுப் பேண்டைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. அளவே எடுக்காமல் தைத்தது என்று அப்பா பெருமைப்பட்டார். பக்கத்து குவார்ட்டர்ஸ் பார்க்கட்டும் என்று அம்மா இருவரையும் ஜோடியாகக் கோயிலுக்கு அனுப்பினாள். நானும் வாசலில் நின்று, அக்காவை விட்டுவிட்டுப் பேண்டைத்தான் பார்த்தேன்.

சாயங்கால பஸ்ஸுக்கு அக்காவின் பெட்டியை அப்பா தூக்கிவந்தார். அம்மாவுக்கு முகமெல்லாம் நிம்மதி. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அவர் படியில் கால் வைத்தார். இப்போது ஏதாவது சொல்ல வேண்டும், சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பது மட்டும் தெரிந்தது.

"மாமா" என்று கூப்பிட்டேன். திரும்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாட்டம் போதுமா மாமா?" என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு இன்ச் விட்டிருக்கலாம்" என்றார் சிரித்துக்கொண்டே.

அடுத்த தடவை விடுகிறேன் என்றேன். அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.