ஒரு ஆளுக்கும் ட்ரிப் உண்டு

பீப் என்று ஒரு குட்டி ஹாரன். பள்ளியில் யாரும் தலை தூக்குவதில்லை. வியாழக்கிழமை மதியம் விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் நிற்கும் பேருந்திலிருந்து அந்தச் சத்தம் வந்தால், ஓட்டுநர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஸ்டியரிங்கின் மேல் பொருந்துகிற மாதிரி ஒரு பலகை அறுத்து வைத்திருக்கிறார். அதன்மேல் பழைய லேப்டாப். விஷயம் சூடு பிடித்ததும் மனிதர் முன்னால் சாய்வார். பலகை ஹாரனை அழுத்தும். அடியில் பஞ்சு ஒட்டிப் பார்த்தார், துணி சுற்றிப் பார்த்தார். தலைமையாசிரியையும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு அவர் பஸ் மாமா. அகன்ற தோள், குள்ள உருவம். சீட்டில் உட்கார்ந்தால்தான் உயரமாகத் தெரிவார். வண்டியைக் கிளப்புமுன் உள்கண்ணாடியில் கடைசி வரிசை வரை ஒரு பார்வை. "எல்லாரும் ஏறியாச்சா?" என்பார். கடைசிப் பிள்ளையும் உட்கார்ந்த பிறகு, "ஏறியாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கைப்பிடியை இழுத்துக் கதவை மூடுவார். அப்புறம்தான் இன்ஜின்.

அவருடைய பிளாக்கின் பெயரும் 'உள்கண்ணாடி'தான். ஆளாளுக்கு பிளாக் எழுதிய காலத்தில் அவரும் தொடங்கினார். பஸ்ஸில் விழுந்த பால் பற்கள், சீட்டுக்கு அடியில் கிடைத்த ஒற்றை ஷூ, சன்னல் சீட்டுக்காக மூண்ட போர்கள் என்று எழுதித் தள்ளினார். "சரியான ஆரம்ப சூரர்" என்பார் அவர் மனைவி. "ஒரு வாரம் விடாம எழுதுவாரு. அப்புறம் ஒரு வருஷத்துக்கு மூச்சு விடமாட்டாரு." கடைசியில் அதுவும் நின்றது. அந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்காமல் சில ஆண்டுகள் ஓடிவிட்டன.

போன வருடம் ஒருநாள் நான் வேலை பார்க்கும் பள்ளி நூலகத்துக்கு வந்து நின்றார். "மேடம், அந்த பிளாக்கை அழிச்சிடலாம்னு இருக்கேன். பூட்டின கடைக்கு எதுக்கு போர்டு? எப்படின்னு தெரியலை, நீங்க கொஞ்சம் பண்ணிக் குடுங்க."

திறந்து பார்த்தேன். எத்தனை பேர் படித்தார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. ஒரு வரி புதிதாக இல்லாத அத்தனை நாட்களிலும் நாளுக்கு ஒருவர் வந்து போயிருந்தார்.

"ஏதாவது மெஷினா இருக்கும்" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். அழிக்கப் போன சமயத்தில், "இருங்க, அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன். பேரு வெச்சது அவதான்" என்று போனை எடுத்துச் செய்தி அனுப்பினார்.

அக்கா வேறு ஊரில் இருக்கிறார். ஞாயிறு தோறும் இரண்டு பேரும் போனில் மணிக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அக்காவுக்குக் காது சுத்தமாகக் கேட்காமல் போனது. சண்டை போய், "சாப்டியா?" "ம்" என்கிற செய்திகள்தான் மிஞ்சின.

பதில் உடனே வந்தது. படித்துவிட்டு போனை என்னிடம் நீட்டினார்.

"அழிக்காதடா. தினம் காலையில திறந்து பாக்குறேன். புதுசு இல்லைன்னா பழசைப் படிப்பேன். அதுலதான்டா உன் குரல் கேக்குது."

மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருஷமா வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கா மேடம். ஏன்டா எழுதலைன்னு ஒரு வார்த்தை கேக்கலை." இன்னும் இரண்டு தட்டு தட்டியிருந்தால் அந்தக் குரலை நானே என் கையால் அழித்திருப்பேன். அவருக்கு அக்காவிடம் சொல்லத் தோன்றியதே, அதற்கு இன்றைக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இனி தினமும் எழுதுகிறேன் என்று அன்றே வாக்குக் கொடுக்கப் பார்த்தார். மனைவி குறுக்கே விழுந்து தடுத்தார். "உங்க சூரத்தனம் எனக்குத் தெரியும். உங்க அக்கா மறுபடி ஏமாறக் கூடாது. வாரத்துக்கு ஒண்ணு சொல்லுங்க, சொன்னதைச் செய்யுங்க." வியாழக்கிழமை விளையாட்டு வகுப்பு இருப்பதால் பள்ளி தாமதமாக விடும். அதுவே எழுதும் நாளாயிற்று.

முதல் பதிவு வண்டி ஓட்டும் வரிசையிலேயே இருந்தது. முதல் நிறுத்தம், ஏறியவர்கள், இரண்டாம் நிறுத்தம், அங்கே ஏறியவர்கள். சுவையான சங்கதியான பல் விழுந்த கதை, கடைசிக்கு முந்தின நிறுத்தத்தில் வந்தது. அக்கா கீழே எழுதினார்: "ஸ்டாப் ஸ்டாப்பா நிறுத்தாதடா. நேரா பல்லுக்கு வண்டியை விடு." அதை பஸ் மாமா பள்ளி முழுக்கக் காட்டிக் காட்டிச் சிரித்தார்.

அதன்பின் ஒரு வியாழன் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்த வாரம்கூட, "இன்னிக்கு வேற ஆளு ஓட்டுறாரு. பிரேக் போடத் தெரியலைன்னு மூணாவது வரிசை மகாராணி புகார்" என்று இரண்டு வரி வந்தது. பிள்ளைகளின் பெயரை எழுதமாட்டார், எல்லோருக்கும் பட்டப்பெயர்தான்.

"ஒரு ஆளுக்காகவா இவ்வளவு பாடு?" என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

"ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் ட்ரிப் அடிச்சுத்தானே ஆகணும் மேடம்? அந்த ஒரு ஆள் கிடைக்கவே நான் குடுத்து வெச்சிருக்கணும்."

போன வியாழன் நல்ல மழை. வீட்டுக்குப் போக அவர் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பதிவை வெளியிட்டுவிட்டு அந்த எண்ணிக்கைப் பக்கத்தைத் திறந்தார். புதுப் பதிவுக்கு நேரே பூஜ்யம். பள்ளி விடும் நேரம். வண்டியை முன்வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். மனிதர் அசையவில்லை. கதவு வழியாகச் சாரல் என் காலை நனைத்தது.

"கதவையாவது மூடக் கூடாதா?"

"இருங்க மேடம். ஒரு ஆள் வரணும்."

எட்டிப் பார்த்தேன். திடலில் ஈ காக்கை இல்லை. அவர் மறுபடி தட்டிப் பார்த்தார். பூஜ்யம். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தட்டு.

ஒன்று.

"ஏறியாச்சு" என்று கைப்பிடியை இழுத்துக் கதவை மூடினார்.