ஏழாவதா கிடந்த நர்சம்மா

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமக போன்ல தட்டுறா.

இன்னைக்குக் காலையில ஏழாயிரம்பண்ணை டீக்கடையில ஒரு சென்னைக்காரர். பட்டாசு விபத்துல வெந்தவுகளுக்கு உதவுற ஏழு அமைப்பை, நிபுணர்களைக் கேட்டு வரிசைப்படுத்தி வச்சிருந்தார். முதல் இடத்துக்குத்தான் நன்கொடை போகுமாம்.

வீடு வீடா வந்து புண்ணுக்குக் கட்டு மாத்துற நம்ம நர்சம்மா குழு ஏழாவது.

"ஏன் தம்பி கடைசி?"

"அவங்க அறிக்கை எதுவும் போடலைங்க, ஐயா."

"வெடிச்ச அன்னைக்கு எல்லாரும்தான் வந்தாக. மூணு மாசங்கழிச்சு யாரு வந்தாகன்னு கேட்டீகளா?"

எங்க ஊர் வெடி விபத்துல வெந்த பதினோரு பேரையும் வீட்டு வரிசையில சொன்னேன். அம்புட்டு வீட்டுக்கும் போய் விசாரிச்சிட்டு, சாயங்காலம் நர்சம்மாவை முதல்ல போட்டார்.

நிபுணர்கள்ல என் பேரையும் சேர்த்திருக்காராம். என் பேருக்கு நேரா படிப்புன்னு ஒரு கட்டம் காலியாக் கிடக்கு. என்ன போடலாம், சொல்லுங்க.