பர்வீன் டீச்சரின் பி.டி. பீரியட்

பர்வீன் டீச்சர் இறந்துவிட்டார். காலையில் வீட்டிலேயே நெஞ்சு வலி... ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

நல்லம்பள்ளி பக்கம் ஒரு பள்ளியில் ஏழு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் பி.டி., நான் கணக்கு.

செய்தி வந்ததிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. போனில் எதையாவது எழுதினால் தேவலாம் போலிருக்கிறது.

போர்ஷன் முடியவில்லை என்று சொல்லி அவர் பீரியடை எத்தனை முறை வாங்கியிருப்பேன்... "இன்னைக்கு மட்டுந்தாங்க சார், புள்ளைங்க பாவம்" என்பார்.

ஒருநாள் அவர் லீவு, அவர் பீரியடுக்கு நான் போனேன். எட்டாம் வகுப்பு, அறுபது பிள்ளைகள். ஒரே ஒரு பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மர நிழலில் பேப்பர் திருத்த உட்கார்ந்தேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அலறல். பந்துக்கு முட்டி மோதியதில் நித்யா என்ற பிள்ளை விழுந்து கை முறிந்துவிட்டது.

டீச்சர் திரும்பி வந்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன். "பந்த குடுத்துட்டா கிளாஸ் ஆயிருங்களா சார்? அடுத்த பீரியடு என்கூட வந்து நில்லுங்க." அவ்வளவுதான்.

போய் நின்றேன். சுண்ணாம்புத் தூளில் ஆறு கட்டம், கட்டத்துக்குப் பத்துப் பேர் போல. ஒன்றில் ஸ்கிப்பிங், ஒன்றில் வளையம், ஒன்றில் பந்து... ஒரு விசில் என்றால் அப்படியே நிற்க வேண்டும், இரண்டு என்றால் அடுத்த கட்டம். சும்மா நின்ற பிள்ளை ஒன்றுகூட இல்லை. அவர் ஒரு தடவையும் கத்தவில்லை.

கட்டுப் போட்ட கையோடு படியில் உட்கார்ந்திருந்த நித்யாவைக் கூப்பிட்டு ஸ்டாப் வாட்சைக் கொடுத்தார். "நீ டைம் சொன்னாத்தான் நான் விசில் ஊதுவேன் கண்ணு."

பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்."

அவள் பக்கத்தில் போய் நின்றேன். அதுவரை எந்தப் பிள்ளையிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. "தப்பு என்னுதுதாம்மா" என்றேன்.

அவள் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பரவால்லைங்க சார்... கொஞ்சம் தள்ளுங்க, டைம் ஆச்சு."

டீச்சர் சிரித்த சிரிப்பு... விசிலே ஊத முடியவில்லை அவரால்.

சேலத்துக்கு மாற்றலாகி வந்தபின் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கமாம். தொப்பூரில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, பஸ் நகரவே இல்லை. இறங்கி ரோட்டோரம் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் இருங்க டீச்சர்... வந்துட்டே இருக்கேன்.