பழனாயி காத்த புல்

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் இப்போது சூரியத் தகடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் கூட்டாகப் போட்டது. தகடு விலை இறங்கிப்போனது, நிலம் சல்லிசு. அதனால் கரண்ட் கட்டுப்படியாகிறது. அப்படிக் கட்டுப்படியாவதில் பழனாயிக்கும் பங்குண்டு. அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருஷம் துணியில் பழுது பார்க்கும் பீஸ் செக்கிங் வேலை செய்து கண் மங்கியபின், முப்பது செம்மறி வாங்கினாள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. தகட்டடியில் ஆடு மேய்ந்தால் புல் வெட்டுக்கூலி மிச்சம் என்று இன்ஜினியர் தரணீதரன் அவளை உள்ளே விட்டான். தை பிறந்ததும், மிச்சப் புல்லை மிஷின் வைத்து ஒட்ட வெட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பழனாயி பதறிவிட்டாள். கொழுக்கட்டைப் புல்லை நின்றபடியே காயவிட்டுக் கோடைத் தீனிக்கு வைப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம்.

“சித்திரை வரைக்கும் உட்டுருங்க தம்பி. இல்லீன்னா என்ற ஆடு என்னத்தத் திங்கும்?”

“செரிங்கக்கா,” என்றான். செலவு மிச்சமானால் யாருக்குக் கசக்கும்?

பங்குனியில் ஒரு நாள் உச்சி வெயிலில் ஏழாவது வரிசையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. கம்பிகள் சேருமிடம் கருத்திருந்தது. கீழே முழங்கால் உயரத்துக்கு மொறமொறவென்று புல்.  தரணீதரனுக்குப் போன் போட்டாள்.

“இங்கிருந்தே மெயின ஆஃப் பண்ணீட்டனுங்கக்கா. ஆனா வெயில் இருக்கற மட்டும் தகட்டுல கரண்ட் இருக்கும், தொட்றாதீங்க. புல்லு வெட்ட நாளைக்கு ஆள் வருது.”

“வெயில நிறுத்த முடியாதுங்களா தம்பி?”

அவன் சிரிக்கவில்லை. “ஆட்ட வெளிய ஓட்டீருங்க,” என்றான்.

ஆடுகள் கோடியில் தகட்டு நிழலில் படுத்திருந்தன. அந்த வெயிலில் அவற்றைக் கிளப்புவது லேசில்லை. முதலில் இந்த இடத்துப் புல்லை அறுத்துவிட்டால் பயமில்லை என்று கணக்குப் போட்டாள், பாவி. கம்பியைத் தொடாமல் குனிந்து, அரிவாளால் அறுத்து அறுத்துத் தூர வீசினாள். எந்தப் புல்லுக்காகக் கெஞ்சினாளோ அதே புல். வெறுந்தரை தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அப்போது ஆடுகள் கத்தின. நிமிர்ந்து பார்த்தாள். முப்பதும் எழுந்து மேற்குக் கம்பிவேலியோடு ஒண்டிக்கொண்டு நின்றன. அவளுக்குப் பின்னால், கிழக்கே, முதல் வரிசையில் புகை கிளம்பியிருந்தது. அங்கும் ஒரு கம்பி கருத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

இருக்கிற ஒரே கேட் அங்கேதான். கேட்டுக்கும் அவளுக்கும் நடுவில், அவள் வெட்டவிடாமல் காத்த புல் அத்தனையும் காய்ந்து நின்றது.