டீ கொண்டு வந்த டீச்சர்

கல்யாணமாகி டில்லிக்கு வந்த புதிதில் சியாமளாவுக்கு ஹிந்தியில் எண்கள் மட்டும்தான் தெரியும். சரோஜினி நகர் காய்கறிக்காரர்களிடம் பேரம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டவை. திருச்சியில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். தமிழர்கள் நடத்திய ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் பிரசவ லீவில் போக, அந்த இடத்துக்குத் தற்காலிகமாகப் போனாள். லீவில் போனவர் திரும்பி வரவே இல்லை. சியாமளாவின் தற்காலிகம் பன்னிரண்டு வருஷம் நீடித்தது.

அவளுடைய கணவர் வைத்தியநாதன் ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டென்ட். ஆபீஸில் எல்லோருக்கும் வைத்தி. பேச்சில் எப்படியாவது ஓரிடத்தில், "என் ஒய்ஃப் டென்த்துக்கு மேத்ஸ் எடுக்கறா" என்பதை நுழைத்துவிடுவார். அவருக்கென்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு அதிகம் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் விதி இறுகியது. பயிற்சிப் பட்டம் இல்லாதவர்களை இனி ஆசிரியர்களாக வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகம் கையை விரித்தது. பிரின்சிபால் சியாமளாவைக் கூப்பிட்டு, "பி.எட். முடிச்சுட்டு வாங்கோ. உங்க இடத்தை வெச்சிருக்கேன். ஆனா அதுவரைக்கும் சம்பளம் கிடையாது" என்றார். அதற்கும் அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். முப்பத்தொன்பது வயதில், தன்னிடம் படித்திருக்கக்கூடிய வயதுப் பெண்களோடு கல்லூரி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

வைத்தி ஆபீஸில், "லீவு போட்டுட்டு மேல படிக்கறா" என்று மட்டும் சொன்னார். அவருடைய மேலதிகாரி, அண்டர் செக்ரட்டரி ராஜகோபாலன் புருவத்தை உயர்த்தினார். "மேத்ஸ்ல பிஎச்.டி.யா? வெரி குட், வைத்தி!" வைத்தி சிரித்தார். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

குளிர்காலம் வந்தபோது கல்லூரியில் பயிற்சிப் பாடம் நடத்த மாணவிகளைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். சியாமளாவுக்கு வந்தது மகள் ஸ்ம்ருதி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த பள்ளி.

"அம்மா, ப்ளீஸ், வேற ஸ்கூல் கேளேன்" என்று ஸ்ம்ருதி கெஞ்சினாள். "பி.எட். வாலி மேடம்னா எல்லாரும் மஜாக் பண்ணிச் சிரிப்பா. பின்னாடியிலேர்ந்து பேப்பர் ராக்கெட் விடுவா."

சியாமளா கேட்டுப் பார்த்தாள். மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் சொன்னாள்: "அங்க என்னை அம்மான்னு கூப்பிட வேண்டாம். நானும் உன்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். சரியா?"

ஸ்ம்ருதி தலையாட்டினாள். அதைக் கேட்டு வைத்திக்கும் உள்ளே ஏதோ ஆசுவாசமாக இருந்தது. ஏன் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பயிற்சி மாணவிகள் வந்த மறுநாளே அந்தப் பள்ளியின் டீச்சர்கள் பாதிப் பேர் லீவு போட்டார்கள். காலி வகுப்புகளுக்கெல்லாம் இவர்கள் போனார்கள். ரிப்போர்ட் கார்டு எழுதினார்கள். இடைவேளையில் படிக்கட்டில் காவல் நின்றார்கள். கூலி கிடையாது. சார்ட் பேப்பரும் பஸ் செலவும்கூட அவரவர் கைக்காசு. சாயங்காலம் வீங்கின காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு சியாமளா ஒருநாள் சொன்னாள்: "எங்க ஸ்கூலுக்கும் வருஷா வருஷம் இப்படிப் பொண்கள் வருவா. நானும் அவாகிட்ட பேப்பர் திருத்தக் கொடுத்திருக்கேன். சாப்ட்டியான்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."

பெற்றோர் கூட்டம் ஒரு சனிக்கிழமை. ராஜகோபாலனின் மகனும் அந்தப் பள்ளிதான். "என் கார்லயே போயிடலாம், வாங்கோ" என்று அவர் வைத்தியைக் கூட்டிக்கொண்டு போனார். ஹாலில் முன்வரிசையில் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். வைத்திக்கு அது பிடித்திருந்தது. பிரின்சிபால் பேசி முடித்ததும் டீ வரும் என்றார்கள்.

"சாய், சர்."

கப்புகள் அடுக்கிய தட்டு முன்னால் நீண்டது. வைத்தி அண்ணாந்து பார்த்தார். சியாமளா.

அவள் அவரைத் தூரத்திலேயே பார்த்திருக்க வேண்டும். முகத்தில் எந்த அதிர்ச்சியும் இல்லை. தெரிந்தவளாகக் காட்டிக்கொள்வதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிட்டது போல நின்றாள். அவரும் வாயைத் திறந்தார். 'இவதான் சார் என் ஒய்ஃப்' என்ற வார்த்தைகள் நாக்கு வரை வந்துவிட்டன. பக்கத்தில் ராஜகோபாலன் செருமினார். பிஎச்.டி. ஞாபகம் வந்தது.

"தேங்க் யூ, மேடம்" என்று சொல்லி ஒரு கப்பை எடுத்துக்கொண்டார் வைத்தி.

ஒரு கணம்தான். பிறகு அவள், "சீனி டீக் ஹை, சர்?" என்று சர்க்கரை சரியாக இருக்கிறதா என்பதை ஹிந்தியிலேயே கேட்டாள்.

"டீக் ஹை."

தட்டு ராஜகோபாலனிடம் நகர்ந்தது. வைத்தி டீயை மடமடவென்று குடித்தார். ஹாலின் ஓரத்தில் தூணருகே வகுப்புப் பெண்களோடு நின்ற ஸ்ம்ருதி, அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது காரில் ராஜகோபாலன் சொன்னார்: "டிரெயினிங்குக்கு வந்த பொண்களை வேலைக்காராளாட்டம் நடத்தறா, பாத்தேளா? நம்மகிட்ட டீ கொண்டுவந்த அம்மாவுக்கு நாப்பது வயசிருக்கும். பாவம். நம்ம ஊர் முகமா இருந்தது. உங்களுக்குத் தெரிஞ்சவாளோ?"

"இல்லை சார்" என்றார் வைத்தி.

வீட்டில் ஸ்ம்ருதி சாப்பிட்டு எழுந்தாள். கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "தெரியாத மாதிரி இருன்னு எனக்கு அம்மாவே சொன்னா. உங்களுக்கு யார் சொன்னா, அப்பா?"

அவர் எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றார். சியாமளா இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பக்கத்துல ராஜகோபாலன் சார் இருந்தார். அவர்கிட்ட நான் முன்னாடியே..."

"பார்த்தேன்."

"அதில்லை, சியாமளா..."

"டீ கொதிக்கக் கொதிக்க இருந்துதே. ஒரே மூச்சுல குடிச்சேளே, நாக்கு பொத்துப்போகலை?"

பொத்துத்தான் போயிருந்தது.

மறுநாள் சார்ட் தயாரிக்க அம்பிகா வந்தாள். சியாமளாவோடு அதே பள்ளியில் பயிற்சியில் இருந்தவள். இருபத்திரண்டு வயது; யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசைப் பகுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். கூடத்தில் வைத்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள்.

"வணக்கம் சார். நேத்து மீட்டிங்குக்கு வந்திருந்தீங்கல்ல? முன்னாடி வரிசையில... அக்காதான் உங்களுக்கு டீ..."

பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டாள். அவள் கண் சுவரிலிருந்த கல்யாண போட்டோவுக்குப் போய், சியாமளாவுக்குப் போய், தரைக்கு வந்தது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். ஏதாவது கேட்டிருந்தால்கூட வைத்தி சமாளித்திருப்பார். அந்தச் சின்னப் பெண் அவருடைய மானத்தைக் காப்பாற்றப் பேச்சை முடித்துக்கொண்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அக்கா, எங்கப்பா செங்கல் சுமக்குறாரு. அதுக்காவது சாயங்காலம் கூலி குடுத்துடறாங்க" என்று அவள் சொல்வது உள்ளறையில் படுத்திருந்தவருக்குக் கேட்டது. "நம்மளத்தான் கத்துக்க வந்தவங்கன்னு சொல்லியே எல்லா வேலையும் வாங்கிக்கிறாங்க. ஆண்டு விழாவுக்கு முந்நூறு பேராம். டீ குடுத்து, கப்பையும் நாமளே கழுவணுமாம்."

பிறகு சியாமளாவின் குரல் கேட்டது. "நான் பேசறேன். உங்களுக்கெல்லாம் இனிமேதான் வேலை தேடணும். எனக்கு ஒண்ணு காத்துண்டிருக்கு."

திங்கட்கிழமை காலை வைத்தி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "பிரின்சிபால்கிட்ட நானும் வரேனே."

சியாமளா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே கேட்டாள்: "வந்து, நீங்க யார்னு சொல்லிப்பேள்?"

அவர் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினார்.

நடந்ததை ஸ்ம்ருதிதான் சாயங்காலம் மூச்சு வாங்கச் சொன்னாள். ஸ்டாஃப் ரூம் வாசலில், எல்லோர் முன்னாலும் அம்மா ரொம்பச் சாந்தமாகப் பேசினாளாம். பாடம் எத்தனை வேண்டுமானாலும் நடத்துகிறோம், டீ கொடுக்க ஆள் வேண்டுமானால் கூலி கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாளாம். பிரின்சிபாலுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டதாம்.

"என் கிளாஸ் பசங்க, 'யே கௌன் ஹை'ன்னு, இவா யாருன்னு கேட்டா. மேரி மம்மி, என் அம்மான்னு சொல்லிட்டேன்."

"எல்லார் முன்னாடியுமா?" என்றார் வைத்தி.

"ஆமா. அதுல என்ன?"

வைத்தி எழுந்து பால்கனிக்குப் போனார். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு, அதுல என்ன. அவர் வயது நாற்பத்தாறு.

ஆண்டு விழாவுக்குப் பள்ளி ஆள் வைத்துக்கொண்டது. அம்பிகாவும் மற்ற பெண்களும் தப்பித்தார்கள். சியாமளாவின் பயிற்சிப் பாட மார்க்கில் மட்டும் பள்ளி கை வைத்தது. முதல் வகுப்பு வர வேண்டியவள் இரண்டாம் வகுப்பில் தேறினாள். பழைய பள்ளிக்குத் திரும்பி, முதன்முறையாக நிரந்தர ஆசிரியை ஆனாள். அங்கே பயிற்சிக்கு வரும் பெண்களுக்குப் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்தோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டினாள். சாப்பாட்டுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

வைத்தி, ராஜகோபாலனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை அவர் அறைக்குள் போனார். ஒவ்வொரு தடவையும் ஃபைலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினார். கடைசியில் ராஜகோபாலனுக்கு வெளியூர் மாற்றல் வந்தது. சாணக்யபுரியில் விருந்தினர் இல்லத்தில் பிரிவு விருந்து. குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். கதவருகே ராஜகோபாலன் சியாமளாவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"உங்களை எங்கேயோ..."

இப்போதாவது தானே சொல்லிவிட வேண்டும் என்று வைத்தி தொண்டையைக் கனைத்தார்.

"ஸ்கூல் மீட்டிங்ல டீ கொடுத்தேனே சார்" என்றாள் சியாமளா. "அப்போ பி.எட். படிச்சிண்டிருந்தேன்."

ராஜகோபாலன் வைத்தியைத் திரும்பிப் பார்த்தார். சியாமளாவைப் பார்த்துக் கை கூப்பிவிட்டு, அடுத்து வந்தவர்களை வரவேற்க நகர்ந்துவிட்டார். அன்றைய சாப்பாட்டில் என்னென்ன போட்டார்கள் என்று பின்னால் கேட்டால் வைத்தியால் சொல்ல முடியாது.

பஸ்ஸில் அவர் சொன்னார்: "நான் சொல்லியிருக்கணும்."

"ஆமாம்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வழக்கம் தொற்றிக்கொண்டது. கோயிலிலோ மார்க்கெட்டிலோ யாரைப் பார்த்தாலும், அவர்கள் வாயைத் திறக்குமுன், "இவ சியாமளா. என் ஒய்ஃப். டீச்சர்" என்று அவசர அவசரமாக அறிமுகம் செய்துவிடுவார். ஒருமுறை காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடமும் சொன்னார். அவர் விழித்தார்.

"போறும், விடுங்கோ" என்பாள் சியாமளா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. அவரால் நிறுத்த முடியவில்லை.