வில்லா ஆறின் சுவரில் ஓடிய புள்ளி

1. மூன்றாவது கோட்

வில்லா ஆறின் ஹால் சுவரை மூன்றாம் முறையாக அடிக்கச் சொன்னபோது, பெயிண்டர் ஏழுமலை ரோலரைக் கீழே வைத்துவிட்டார். கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டி முடித்த வீட்டைச் சாவி கொடுப்பதற்கு முன்னால் அறை அறையாகப் பார்த்துக் குறைகளை எழுதுவேன். டைல்ஸில் கீறல், கதவில் இடைவெளி, சுவரில் திட்டு. இதற்கு ஸ்னாக் லிஸ்ட் என்று பெயர். இருபத்தேழு வருடமாக இதே பிழைப்பு. மற்றவர்கள் செய்ததில் குறை சொல்வதற்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள். மாமல்லபுரம் தாண்டி, கடப்பாக்கத்துக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்தபடி பன்னிரண்டு வில்லாக்கள் எழும்பிக்கொண்டிருந்தன. உள்ளே வெளியே எல்லாம் வெள்ளை. எனக்கு அது சொர்க்கம். வெள்ளையில் ஈ உட்கார்ந்தால்கூட லிஸ்ட்டில் ஏற்றிவிடலாம்.

ஐம்பது வயதுக்கு மேல் ஏணி ஏற முழங்கால் சம்மதிக்கவில்லை. அதனால் மாமல்லபுரம் கடற்கரையில் பொம்மை விற்கும் கடையில் ஒரு லேசர் பாயின்டர் வாங்கினேன். பச்சை ஒளி. கீழே நின்றபடி சீலிங் மூலையைக் காட்டி, "இங்க, இன்னும் கொஞ்சம் இடது" என்று உத்தரவு போடலாம். அந்தப் பேனா கைக்கு வந்தபிறகு என் நடையே மாறிவிட்டதாக மனைவி சொன்னாள். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பச்ச லைட்டு' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, வில்லா ஆறின் பாத்ரூமில் புதிதாக மாட்டிய கண்ணாடியின் விளிம்பைக் காட்டப் போய், ஒளி திரும்பி என் கண்ணிலேயே அடித்தது. ஒரு நொடிதான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பச்சையும் ஊதாவுமாகத் தெரிந்தது, பிறகு சரியாகிவிட்டது.

மறுநாள் காலை அதே வீட்டு ஹாலில் பார்த்தால், சுவரில் சாம்பல் நிறத்தில் நாலைந்து புள்ளிகள், ஒரு நூல். ரோலரில் தூசி ஒட்டியிருந்தது என்று முடிவு கட்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடிக்கச் சொன்னேன். அடித்தார்கள். காய்ந்ததும் போய்ப் பார்த்தேன், புள்ளிகள் இருந்தன. அடியில் பூசிய பட்டி மாவு சரியில்லை என்றேன். பட்டி, பிரைமர், ரெண்டு கோட் என்று முதலிலிருந்து செய்தார்கள். அதற்கும் மசியாமல் புள்ளிகள் அங்கேயே இருந்தன. நான் குரலை உயர்த்தினேன்.

"சார், புள்ளி எங்க கீதுன்னு கை வெச்சிக் காட்டுங்க" என்றார் ஏழுமலை.

விரலை வைக்கப் போனேன். புள்ளி நகர்ந்தது. விரலை அங்கே கொண்டுபோனேன். அது இன்னும் தள்ளிப் போனது. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கொசு அடிப்பவனைப்போல் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். ரெண்டு பெயிண்டர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. "சொவுரு நல்லா கீது சார். உங்க கண்ணுலதான் இன்னாவோ ஓடிகினு கீது" என்றார்.

2. பத்து நாள்

அன்று மத்தியானமே போனை எடுத்துத் தேடினேன். 'லேசர் கண்ணில் பட்டால்' என்று அடித்ததும் வந்து விழுந்ததைப் படித்தேன். மூன்றாவது பக்கத்தைத் தாண்டுவதற்குள் எனக்குப் பாதிப் பார்வை போய்விட்டது. ஒருத்தர் ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தார். அவரை நான் நம்பவில்லை. இன்னொருத்தர் எல்லாம் முடிந்தது என்று எழுதியிருந்தார். அவரை அப்படியே நம்பினேன்.

உடனே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் சொல்லிவிடுவார் என்று பயம். கண் போனால் என் வேலை போயிற்று. பார்த்துக் குறை சொல்வதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. கொத்து வேலை தெரியாது, கணக்கு வராது, ஆட்களிடம் இனிமையாகப் பேசவும் வராது. இந்த வயதில் கண்ணில்லாத இன்ஸ்பெக்டருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? உண்மையில் பயந்துபோயிருந்தேன்.

பயத்தை அடக்கி வைத்துக்கொள்ளும் ஆளும் இல்லை நான். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். காலையில் கடற்கரையில் நின்று வானத்தைப் பார்த்து, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து புள்ளிகளை எண்ணுவேன். வலது கண்ணில் ஐந்து, இடதில் இரண்டு. வலை காயவைக்க வந்தவர் ஒருவர் நான் எதை எண்ணுகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எண்ணியதை டீ நேரத்தில் ஏழுமலையிடம் அறிவிப்பேன். இன்றைக்கு நூல் கொஞ்சம் நீளமாக இருக்கிறது, புள்ளி ஒன்று வளையம்போல் ஆகியிருக்கிறது என்று விவரமாகச் சொல்வேன். அவர் டீயை ஊதிக் குடித்தபடி கேட்டுக்கொள்வார். போய் டாக்டரைப் பாருங்கள் என்று தினமும் சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

பதினோராம் நாள் மனைவி செங்கல்பட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிட்டுப் போன் பண்ணினாள்.

3. டாக்டர் கேட்ட கேள்வி

சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்தார்கள். ஒரு மணி நேரம் உலகமே புகையாகத் தெரிந்தது. என்னைவிட வயதில் சிறிய ஒரு லேடி டாக்டர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேலே பார், கீழே பார் என்று என் கண்ணை ஒரு மூலை விடாமல் பார்த்தார். அவரும் ஒரு இன்ஸ்பெக்டர்தான் என்று தோன்றியது. என்ன ஒன்று, ஏழுமலையை நான் விரட்டுவதுபோல் அவர் என்னை விரட்டவில்லை.

"இது ஃப்ளோட்டர்ஸ் சார். கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கு. வயசானா அது சுருங்கும். அதுல மெதக்கற துணுக்கோட நிழலத்தான் நீங்க பாக்கறீங்க. லேசரால இது வராது" என்றார்.

அது ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், பயத்தில் உற்றுப் பார்க்க ஆரம்பித்தபிறகுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். விழித்திரையில் கிழிசல் எதுவும் இல்லையாம். திடீரென்று புள்ளிகள் மழையாகக் கொட்டினாலோ, கண்ணுக்குள் மின்னல் அடித்தாலோ, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி மறைத்தாலோ அன்றைக்கே ஓடி வரவேண்டும், இப்படிப் பத்து நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது என்று கண்டித்தார்.

இருபத்தேழு வருடத்தில் இவ்வளவு நல்ல ரிப்போர்ட்டை நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது. அப்படியானால் லேசர் ஒன்றும் செய்யாது, வீணாகப் பயமுறுத்துகிறார்கள் என்றேன். பாயின்டரைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. லேசர் பட்டால் விழித்திரை வெந்துபோகும், அப்போது வரும் புள்ளி மிதக்காது, எதைப் பார்க்கிறோமோ அதன் நடுவிலேயே அசையாமல் நிற்கும் என்றார். இந்த மாதிரிக் கடைச் சரக்கில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப முடியாது, உள்ளே எவ்வளவு பவர் என்று விற்கிறவனுக்கே தெரியாது என்றார்.

"உங்களுக்கு ஒரு நொடிதான் பட்டுது, தப்பிச்சீங்க. வேற யார் கண்ணுலயாவது பட்டுச்சா?"

பட்டிருந்தது.

இதை இதுவரை நான் உங்களுக்கும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, என் கண்ணைப் பற்றியே எழுதிக்கொண்டு வந்ததில் நினைப்பே வரவில்லை. பாத்ரூம் கண்ணாடிச் சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்னால், வில்லா எட்டில் ஏழுமலை ஏணி மேல் நின்று சீலிங் அடித்துக்கொண்டிருந்தார். நான் கீழேயிருந்து ஒரு மூலையைக் காட்டி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தேன். எங்கே என்று கேட்க அவர் திரும்பினார். ஒளி நேராக அவர் வலது கண்ணில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். அவரோ, சார் எதையோ காட்டுகிறார் என்று அந்த வெளிச்சத்தையே கூர்ந்து பார்த்தார். நானும் பேச்சு மும்முரத்தில் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. எடுத்தபிறகு, "கண்ணு கூசுது சார்" என்றார். கழுவிக்கொண்டு வேலையைப் பார் என்றேன்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து இதை ஒன்று விடாமல் சொன்னேன்.

4. வில்லா எட்டு

மறுநாள் காலை சைட்டுக்குப் போனதும் ஏழுமலையை நிறுத்தி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு டைல்ஸ் ஜாயின்ட்டைப் பார்க்கச் சொன்னேன்.

"நடுவுல மெளகு சைசுக்கு மங்கலா கீது சார். சுத்தியும் நல்லா தெரியுது."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வாரத்துக்கு மேல ஆவுது."

என் கண்ணில்தான் கோளாறு என்று அன்று அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். மாற்றி மாற்றி மூடிப் பார்த்து, தன் புள்ளி அசையாதது, சார் சொல்லும் புள்ளி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டிருக்கிறார்.

நோட்டைத் திறந்து பார்த்தேன். அவர் கண்ணில் ஒளி பட்ட மறுவாரம் என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'வில்லா 8, சீலிங் ஓரம் கட்டிங் நேராக இல்லை, பெயிண்டரின் கவனக்குறைவு.' அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது. கிழிக்கவில்லை. 'பெயிண்டரின்' என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

பைக்கில் உட்காரவைத்து அவரை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். நடுவில் சின்னத் தழும்பு. பெரும்பாலும் தானாகக் குறையும், முழுசாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. மங்கல் நன்றாகக் குறைந்துவிட்டது. இப்போதும் அந்தக் கண்ணால் மட்டும் பொடி எழுத்தைப் படித்தால் ஒரு எழுத்து காணாமல் போகிறது என்கிறார். ஒவ்வொரு செக்கப்புக்கும் நான்தான் கூட்டிப்போகிறேன். அதனால் தழும்பு சரியாகிவிடாது என்பதும் தெரியும்.

ஸ்கேன் எடுத்துத் திரும்பிய அன்று, அவரை இறக்கிவிட அவர் ஊரான படாளத்தில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினேன். மன்னித்துக்கொள் என்றேன். இருபத்தேழு வருடத்தில் சைட்டில் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தப்பாக உச்சரித்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. பிறகு கேட்டேன், தினமும் டீ குடிக்க ஒன்றாக உட்கார்ந்தோமே, ஒருநாள்கூட ஏன் சொல்லவில்லை என்று.

"உங்க கண்ணப் பத்தியே சொல்லிகினு இருந்தீங்க சார். நடுவுல என்னுத எங்க சொல்றது?" என்றார். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோல் சொன்னார்.

வேலைக்குப் புதிதாக வரும் இன்ஸ்பெக்டர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். ஆட்கள் இருக்கும் அறையில் லேசரை அழுத்தாதீர்கள். சைட்டில் உங்களுக்கு ஏதாவது ஆனால், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆகியிருக்கும், கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். முதல் இரண்டும் எனக்கு வந்துவிட்டன. மூன்றாவதைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.