தரையில் இருக்க வேண்டிய பாட்டில்

இது கட்டுக்கதை அல்ல, கண்ணெதிரே நடந்தது. எமனே வந்தாலும் எதிரே நாற்காலி போட்டு உட்காரக்கூடிய மாவீரர் ஒருவர் இதற்குச் சாட்சி. அந்த வீரம் அவர் வாயால் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

அவருடைய ஆறு வயது மகளுக்கு நிமோனியா முற்றி, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது. விலாவில் குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டுத் தரையில் வைத்திருந்தார்கள். குழந்தை மூச்சுவிட விட, பாட்டிலில் குமிழி வரும். க்ளுக்... க்ளுக்...

"பாட்டிலைத் தூக்கவே கூடாது. தூக்கினா வெளிய வந்தது திரும்ப நெஞ்சுக்குள்ள போயிடும்" என்றாள் நர்ஸ்.

"எனக்கே பாடமா? நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

அம்மா நம்பினாள். மறுநாள் மதியம் துணி அலசிவிட்டு வந்தபோது அவர் எரிந்து விழுந்தார்.

"ஏன்டி இதை மறுபடி கீழ இறக்கி வெச்சே? எங்க ஆபீஸ் மேனேஜர் பாக்க வர்ற நேரத்துல, சீழைக் கடை பரப்பி வைக்கணுமா?"

"நான் இப்பதாங்க வரேன்..."

"மேசைமேல வெச்சேன். ரெண்டு தடவை கீழ வந்திருக்கு!"

"தூக்கினீங்களா? பாத்துக்கறேன்னு சொன்னீங்களே!"

பாட்டில் தரையில்தான் இருந்தது. சீழை மறைக்க அதன்மேல் அவர் போர்த்திய துண்டு... ஒழுங்காக மடித்து, பக்கத்தில்.

"நர்ஸைக் கூட்டிட்டு வரேன். பாப்பா கையை விட்றாதீங்க."

"உயிரே போனாலும் நகர மாட்டேன்."

செருப்புகூட மாட்டாமல் ஓடினாள்.

நர்ஸோடு திரும்பியபோது அவரைக் காணவில்லை.

க்ளுக்... மகளின் பாட்டில்.

க்ளுக்... இன்னொன்று.

பக்கத்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து.

அது காலிக் கட்டில். அடியில் ஒன்றுமில்லை.

"அப்பா எங்கடா கண்ணு?"

"ஓடிட்டாரு. அந்த அக்காதான் கையைப் பிடிச்சிருந்தா."

"எந்த அக்கா?"

குழந்தை காலிக் கட்டிலைக் காட்டியது.

சத்தம் நின்றது.

நர்ஸின் முகம் வெளுத்தது. மகள் தேறி வீடு திரும்பும் நாளில்தான் வாய் திறந்தாள். போன மாதம் அந்தக் கட்டிலில் ஒரு சிறுமி. அவளுக்கும் இதே குழாய். யாரோ பார்க்க வருகிறார்கள் என்று, அவள் அப்பாவும் பாட்டிலைத் தூக்கி மேலே வைத்தாராம்.

நம் மாவீரரை அன்றே பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். எதைப் பார்த்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

காலில் மனைவியின் செருப்பு இருந்தது.